பவுடர் டப்பாவில் மிளகு

மிளகுத்தூள் கண்ணில் பட்டால் ஆள் சாவதில்லை. கண்ணும் போவதில்லை. எரியும், கத்துவான், மூக்கு ஒழுகும். குழாயடியில் அரைமணி நேரம் முகத்தைக் காட்டினால் கண் சிவந்து, மற்றபடி முழு மனுஷனாக வீட்டுக்குப் போவான். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தியின் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அவளுடைய பவுடர் டப்பாவை எடுத்து, உள்ளங்கையில் கொட்டி, முகமெல்லாம் பூசிக்கொண்டார். அவர் போட்ட கூச்சலில் அடுத்த லயத்து நாய்கள்கூடக் குரைத்தன. ஆனால் மத்தியானம் பந்தியில் உட்கார்ந்து மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். "பொண்ணோட அம்மாவே இப்படி அழல, இவரு அழுதுட்டாருலா" என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

அந்த டப்பாவில் மிளகு வைக்கச் சொன்னவள் நான்தான்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. மலேசியாவில், கோலா கெத்திலிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம். எனக்கு இருபது வயது. அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு மூச்சிரைப்பு, பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். என் பெயரில் மரம் வெட்டு, அதாவது ரப்பர் பால் எடுக்கும் வேலை, இருந்ததால்தான் லயத்து வீடு எங்களிடம் இருந்தது. வேலை போனால் மறுவாரம் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டும். தோட்டத்தில் யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மண்டோருக்கும் அது நன்றாகத் தெரியும்.

மண்டோர் என்றால் எங்களுக்கு மேலாள். யாருக்கு எந்த நிரை, அதாவது எந்த மர வரிசை, என்று சொல்வதும், வெட்டு சரியா என்று பார்ப்பதும் அவர் வேலை. ரப்பர் மரத்தின் பட்டையை உளியால் சீவும்போது கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம். காயம் இருக்கிறதா என்று மண்டோர் பார்க்கலாம், சொல்லிக் கொடுக்கலாம். இந்த மனுஷன் சொல்லிக் கொடுப்பது எப்படியென்றால், பின்னால் வந்து ஒட்டி நின்று, உளி பிடித்த கையைத் தன் கையால் பிடித்து, "இப்படி வெட்டு" என்பார். ஆண்களுடைய மரத்தில் காயம் இருந்தால் நாலடி தள்ளி நின்று கத்துவார். பெண்களுக்கு மட்டும்தான் இந்தக் கைப்பாடம். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியிடம் ஒருத்தி போய்ச் சொன்னாள். மறுநாள் அவளுக்கு மேட்டுப் பக்கத்தில், பால் வற்றிப்போன கிழட்டு மரங்களாகப் பார்த்து ஒரு நிரை கிடைத்தது. வேலியே பயிரை மேய்ந்தது, பயிர் வாயை மூடிக்கொண்டது.

அவர் வருவது எப்போதும் விடியலுக்கு முன்னால். அந்த நேரத்தில்தான் நாங்கள் மரம் வெட்டத் தொடங்குவோம். ஆளுக்கொரு நிரை, கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரம், ஆனால் முகம் தெரியாது. வெட்டுக்காரர்கள் எல்லோருக்கும் விளக்கு நெற்றியில். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் அல்லவா. மண்டோருக்குக் கையில் வேலை இல்லை, அதனால் டார்ச்சைக் கையில் பிடித்து வருவார். இருட்டில் நாங்கள் ஆளை அடையாளம் கண்டது அப்படித்தான். வெளிச்சம் தலை உயரத்தில் ஆடிக்கொண்டு வந்தால் நம் ஆள். இடுப்பு உயரத்தில் வந்தால் மண்டோர். இடுப்பு உயர வெளிச்சத்தைப் பார்த்தவுடனே முதுகை மரத்தில் ஒட்டி நிற்பேன்.

மிளகு யோசனை எனக்கு அடுப்படியில் வந்தது. ரசத்துக்கு மிளகு இடித்துக்கொண்டிருந்தேன், அம்மா இருமி இருமித் தவித்தாள். இதை அவன் மூஞ்சியில் போட்டால் என்ன என்று தோன்றியது. அன்றே மிளகை வறுத்து, கூடக் கொஞ்சம் காய்ந்த மிளகாயும் சேர்த்து இடித்து, பழைய சேலைத் துணியில் சலித்தேன். காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிப் பார்த்தேன். வியர்வையிலும் பனியிலும் அது கட்டி தட்டி, மண்ணாங்கட்டி மாதிரி ஆகிவிட்டது. தகர டப்பாவில் போட்டால் ஈரம் ஏறவில்லை. பவுடர் டப்பாவின் ஓட்டை மூடி போதாது, முழுதாகக் கழற்றிவிட்டு விசிற வேண்டும். கை எட்டும் தூரத்தில் நின்றால் முகத்தில் படும், அதற்கு மேல் போனால் வீண். காற்று நம் பக்கம் அடித்தால் நமக்கே திரும்பும். இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஐந்து பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பெரிய படைத்தலைவி மாதிரி எனக்கு ஒரு மிதப்பு. அந்த மிதப்பை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஏனென்றால் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னேன். "சத்தம் போடக் கூடாது. வாயத் தொறக்காம மூஞ்சியில போட்டுட்டு ஓடி வந்துடு."

ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. சத்தம் போட்டால் எல்லாரும் ஓடி வருவார்கள், என்ன என்று கேட்பார்கள், அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிடும். பிறகு எவன் வந்து பெண் கேட்பான். எங்களைத் தொட்டவனுக்கு இல்லாத வெட்கத்தை நாங்கள் சுமந்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் பால் நிறுக்கும் இடத்தில் மண்டோர் என்னைப் பார்த்து, "நாளைக்கு ஒன் நெரைக்கு வரேன். காயம் நெறைய இருக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றார். என் மரத்தில் காயம் இல்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் அம்மா எழுவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். கூடையில் சோயா சாஸ் வந்த பழைய கிச்சாப் போத்தல்கள் இரண்டு இருந்தன, ஒரே அளவு. ஒன்றில் குடிக்கத் தண்ணீர், மற்றதில் அமோனியா. வெட்டிய பால் உறைந்துபோகாமலிருக்க வாளியில் சில சொட்டு விடுவதற்கு ஸ்டோரில் கொடுப்பார்கள். நாங்கள் அதை மருந்து என்போம். மருந்துப் போத்தல் எப்போதும் இடது பக்கம், தண்ணீர் வலது பக்கம். அந்த ஒழுங்கை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. பவுடர் டப்பாவை மூடி கழற்றி, துணியால் வாய் கட்டி இடுப்பில் செருகியிருந்தேன்.

ஏழெட்டு மரம் வெட்டியிருப்பேன். நிரையின் கீழ்ப்பக்கமிருந்து வெளிச்சம் வந்தது. இடுப்பு உயரத்தில்.

நான் என் விளக்கை அணைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போனேன். அவசரத்தில் கால் பட்டுக் கூடை கவிழ்ந்தது. வெளிச்சம் நின்றது, பிறகு நேராக என்னைப் பார்த்து வந்தது. யாரும் கூப்பிடவில்லை. செருப்புச் சத்தமும், சருகு நொறுங்குவதும் மட்டும்தான். வெளிச்சம் கை எட்டும் தூரத்துக்கு வந்ததும் துணியை இழுத்து, சொல்லிக் கொடுத்தபடியே, வாயைத் திறக்காமல், வெளிச்சத்துக்கு மேலே முகம் இருக்கும் இடம் பார்த்து விசிறினேன். நல்ல குறி. ஒரு பொட்டு வீணாகவில்லை.

"ஐயோ, யாரும்மா? நாந்தாம்மா."

வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு அந்தக் குரல் கத்தியது. அடுத்த நிரை அண்ணன். நாற்பது வயதுக்காரர், என் அப்பாவோடு சேர்ந்து மரம் வெட்டியவர், வேதக்காரக் குடும்பம். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டிலிருந்து எங்களுக்குப் பலகாரம் வரும். என் அம்மாவை ஒருமுறை தன் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனவர். அன்றைக்கு அவருடைய நெற்றி விளக்கின் வார் அறுந்துவிட்டது. கயிறு இருக்கிறதா என்று என்னிடம் கேட்க, விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். வாய் நிறைய வெற்றிலை, அதனால் கூப்பிடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சமே பேயாகிப் போனது.

அவர் மண்டியிட்டுக் கண்ணைக் கசக்கினார். "கசக்காதீங்கண்ணே, கசக்காதீங்க" என்று கையைப் பிடித்தேன். தூள் என் மூக்கிலும் ஏறி, தும்மலும் இருமலும் என்னையே கவிழ்த்தன. தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. அவர் கையிலிருந்த விளக்கு விழுந்து அணைந்திருந்தது. தரையில் தடவினேன், ஒரு போத்தல் கையில் கிடைத்தது. மூடியைக் கடித்துத் திறந்து, அவர் தலையை நிமிர்த்தி, கண்ணில் ஊற்றினேன்.

அவர் அதுவரை கத்தியது வேறு, அப்போது கத்தியது வேறு.

என் விரலில் உளி கிழித்த ஒரு புதுக் காயம் இருந்தது. அதில் சுரீரென்றது. போத்தல் பாதி காலியான பிறகுதான் அந்தச் சுரீர் எனக்கு உறைத்தது. மூக்கு முழுக்க மிளகு. இல்லாவிட்டால் மருந்தின் நெடி ஒரு கஜ தூரத்திலேயே தெரிந்திருக்கும். இன்னொரு போத்தலைத் தேடி எடுத்தேன். கவிழ்ந்ததில் பாதித் தண்ணீர் கொட்டிப்போயிருந்தது. மிச்சத்தை ஊற்றினேன். காலிப் போத்தலைக் கூடையில் போட்டேன். மருந்துப் போத்தலைக் கால்வாயில் எறிந்தேன். எறிய வேண்டும் என்று அந்த நேரத்தில் என் புத்திக்கு எப்படித் தோன்றியதோ, அதற்குத் தோன்றியது.

அப்புறம்தான் கத்தினேன். ஆட்கள் வந்தார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறையும் ஒரு டிரசரும். கட்டுப் போடுவது, ஊசி குத்துவது, மருந்து கலந்து கொடுப்பது எல்லாம் அவர்தான். அண்ணனைப் பெஞ்சில் உட்காரவைத்து, குவளையால் நாலைந்து தடவை தண்ணீர் ஊற்றினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னா போட்ட?"

"மொளகு. கொஞ்சம் மொளகாயும்."

"வேற ஒண்ணுமில்லியே?"

வாசற்படியில் மண்டோர் நின்றுகொண்டிருந்தார், கையைக் கட்டிக்கொண்டு, என் வாயையே பார்த்தபடி. மிளகு வீட்டுச் சாமான். தெரியாமல் போட்டேன் என்றால் திட்டோடு போகும். மருந்து தோட்டத்துச் சாமான், திராவகம் மாதிரி. அதை ஒரு மனுஷன் கண்ணில் ஊற்றினேன் என்றால் போலீஸ், கேஸ், வேலை போகும், வீடு போகும், மூச்சுக்குத் தவிக்கும் அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பேன். இவ்வளவும் ஒரு மூச்சு இழுக்கும் நேரத்துக்குள் என் மனதில் ஓடியது. எப்படியும் தண்ணீர் ஊற்றிவிட்டார்களே, அதிலேயே மருந்தும் போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

"இல்லிங்க" என்றேன்.

"மொளகுக்கு இது போதும். ராவோட எரிச்சல் போயிரும்" என்று சொல்லி, களிம்பு போட்டு, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டினார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. சட்டையில் மருந்து வாடை அடித்திருக்கும், ஆனால் வெட்டுக்காரர்கள் எல்லோர் சட்டையிலும் அந்த வாடை அடிக்கும். எங்கள் உடம்பு வாடையே அதுதான். அதை வைத்து யாருக்கு என்ன சந்தேகம் வரும்.

மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது வலது கண் வெள்ளை பூத்திருந்தது, வேகவைத்த மீனின் கண்போல. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தோட்டத்து லாரியில் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த அன்று அவர் மனைவி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசினார்.

"வலது கண்ணு போச்சாம்கா. எடது கண்ணும் மங்கலாத்தான் இருக்குமாம். டாக்டரு கேட்டாரு, மொளகு மட்டும் இப்படிப் பண்ணாதே, வேற என்னாச்சும் பட்டுச்சான்னு. இல்லிங்க டாக்டர், அந்தப் புள்ள ஒடனே தண்ணி ஊத்திச்சுன்னு சொன்னேன். நல்ல வேள ஊத்திச்சுன்னாரு."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து சொல்லியிருக்கலாம். கால் நகரவில்லை என்று எழுதினால் அது பொய். கால் நகர்ந்தது. அரிசி களைய உள்ளே போனேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், டவுனில் போலீஸ் கூப்பிட்டது. என்னை அழைத்துப்போனவர் மண்டோர்தான். தோட்டத்தின் சார்பில் வந்தவர் மாதிரி, வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தார். உள்ளே ஒரு மலாய் சார்ஜன், வயதானவர். அவர் மலாயில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அவர் உன்னைத் தொட்டாரா?"

"இல்லை."

"தொட வந்தாரா? ஏதாவது சொன்னாரா?"

"இல்லை."

"யார் என்று நினைத்துப் போட்டாய்?"

ஜன்னல் வழியாகச் சிகரெட் புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. "திருடன்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஒருவன் தாக்க வந்தால் தடுக்கலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். ஆனால் வருபவன் யார், என்ன செய்ய வருகிறான் என்று தெரிய வேண்டும். தப்பிக்கும் அளவுக்குத்தான் தடுக்கலாம், அதற்குமேல் ஒரு பிடி போட்டாலும் அது அடி. போட்டபின் ஓட வேண்டும், கத்த வேண்டும், அப்புறம் இங்கே வர வேண்டும். "பயம் மட்டும் போதாது" என்றார். "முதலில் 'சியாப்பா' என்று கத்தியிருக்கலாமே? யார் என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்?"

கத்தியிருந்தால் அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு 'நாந்தாம்மா' என்று சொல்லியிருப்பார். என்ன வேண்டும் என்று நான் கேட்டிருப்பேன். கூடையில் கயிறும் இருந்தது.

"உண்மையிலேயே யாராவது தொந்தரவு செய்தால், ஒரு தடவையாவது இங்கே வந்து சொன்னாயா?" என்று கேட்டார். அந்த மனுஷனுக்கு ஏதோ புரிந்திருந்தது. சொல்ல அதுதான் நேரம். இல்லை என்று தலையாட்டினேன். சொல்லிவிட்டு அந்த மண்டோரோடு லாரியில்தான் நான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

அண்ணனையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். கேஸ் வேண்டாம் என்றுவிட்டார். "இருட்டுலா, துவான். தெரியாமப் போட்டுடுச்சு. தகப்பன் இல்லாத புள்ள" என்று சார்ஜனிடம் சொன்னாராம். சுவரைப் பிடித்து நடந்து வெளியே வந்தபோது, என் குரலைக் கேட்டுத் திரும்பி, கட்டுப் போட்ட முகத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு மண்டோருக்குக் கொண்டாட்டம். தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெண்களுடைய கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். "அப்பாவி மனுஷன் கண்ணப் புடுங்கின கூட்டம்" என்பார். ஐந்து டப்பாவும் போயின. கைப்பாடம் மறுபடி தொடங்கியது, முன்னைவிடத் தைரியமாக. இனி எந்தப் பெண் எதைச் சொன்னாலும், "கண்ணத் தொறந்து பாக்காமப் பழி போடுவாளுக" என்று பேச்சு. என் கைப்பாடம் நின்றது. என் பக்கம் மட்டும் அவர் வரவில்லை. ஒரு பெண், கல்யாணத்தன்று வீட்டுக்காரர் மிளகைப் பூசிக்கொண்டவள், குழாயடியில் என்னிடம் சொன்னாள்: "நீ தப்பிச்சிட்ட. எங்களுக்கு இருந்த ஒண்ணும் போச்சு." வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் சொன்னதில் பிழை இல்லை.

அண்ணனால் மரம் வெட்ட முடியவில்லை. மரத்துக்கு மரம் முட்டிக்கொண்டார், வெட்டெல்லாம் காயம். கொஞ்ச நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையைக் கூட்டும் வேலை கொடுத்தார்கள், பிறகு அதுவும் இல்லை. வீட்டைக் காலி செய்து, செமிலிங்கில் கட்டிக் கொடுத்திருந்த மகளிடம் போனார்கள். லாரியில் ஏறுமுன் அண்ணி எங்கள் வீட்டில் ஒரு மண்சட்டியையும் முருங்கைப் போத்து இரண்டையும் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் பொய் சொல்லிக் காப்பாற்றிய வீட்டில் அம்மா அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தாள். மூச்சு நின்றுபோனது. அந்தப் பதினான்கு மாதத்துக்காகத்தான் எல்லாம். காரியம் முடிந்த மறுமாதமே நான் தோட்டத்தைவிட்டு, சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். வெள்ளைத் தொப்பியும் கையுறையும் போட்டு, பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்பி ஒட்டும் வேலை. எட்டு மணி நேரமும் கண்ணுக்குத்தான் வேலை. சாயங்காலம் கண் எரியும்போதெல்லாம், இது எரிச்சலா என்று கேட்டுக்கொள்வேன்.

தொழிற்சாலையில் பாதுகாப்புப் பாடம் ஒன்று நடத்தினார்கள். கண்ணில் மருந்து பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் படம் ஒட்டியிருந்தார்கள். ஓடும் தண்ணீரில் கண்ணை விடாமல் கழுவ வேண்டும், நிறுத்தக் கூடாது, என்ன பட்டது என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அமோனியா மாதிரிப் பொருள் பட்டால் அது உள்ளே அரித்துக்கொண்டே போகும், எவ்வளவு சீக்கிரம் எவ்வளவு நேரம் கழுவுகிறோமோ அவ்வளவு கண் மிஞ்சும் என்று அந்த மேற்பார்வையாளப் பெண் சொன்னாள். மற்றவர்கள் சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அதுவரைக்கும் என் கை செய்த பிழை என்றுதான் நினைத்திருந்தேன். கை செய்ததை வாய் திருத்தியிருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் இன்றும் நான் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுகிறேன்.

அதற்குப் பிறகும் செமிலிங்குக்குப் போக எனக்கு இரண்டு வருஷம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டேன், நோயாளியைப் பார்க்கப் போகிறவள் மாதிரி. அண்ணன் மகளோடு மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார். அண்ணிக்குக் காலில் வீக்கம், வீட்டில் இருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். அம்மா போனது தெரியாது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே எப்படி இருக்காரு?"

"எடது கண்ணும் இப்ப இல்லம்மா. வெளிச்சம் மட்டும் தெரியும்ங்கறாரு. அதுக்கென்னா, மக பாத்துக்குது."

அதற்கு மேல் தள்ளிப்போட்டால் சொல்லாமலே திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். இரண்டு போத்தல், கூடை கவிழ்ந்தது, முதலில் ஊற்றியது எது, டிரசர் கேட்டது, நான் சொன்னது, டாக்டர் கேட்டதாக அண்ணி வந்து சொன்ன அன்று நான் அடுப்படியில் நின்றது. எதையும் குறைக்கவில்லை. வேதக்காரர்களுக்குப் பாவத்தைச் சொல்லச் சாமியார் இருக்கிறார், சொன்னால் மன்னிப்பு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படி ஏதோ ஒன்று எனக்கும் நடக்கும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும். அதற்கு வெட்கப்படுகிறேன்.

அண்ணிக்குக் கோபம் வந்த முகமாகத் தெரியவில்லை. தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுலேர்ந்து தண்ணி கேட்டாரு" என்றார். "குடிக்க இல்ல, கண்ணுல ஊத்த. உள்ள வேகுது, கட்ட அவுத்து வுடு, பைப்புல மூஞ்சிய வச்சிக்கிறேன்னு அழுதாரு. அவுரு அழுது நான் பாத்ததே இல்ல. கட்டு நனையக் கூடாதுன்னு டிரசர் சொல்லியிருந்தாரு. வெறும் மொளகுதானே, விடிஞ்சா போயிரும்னு சொன்னேன். அவுரே அவுக்கப் பாத்தாரு."

நான் கீழே வைத்த தேத்தண்ணியை ஒரு தட்டால் மூடினார்.

"விடியிற வரைக்கும் அவுரு ரெண்டு கையையும் நான்தான் புடிச்சி வச்சிருந்தேன்."

பூசை முடிந்து அவர்கள் திரும்பும் நேரமாகிவிட்டது என்று சொன்னார். அண்ணன் வருவதற்கு முன் என்னைப் போய்விடச் சொன்னார், அவரிடம் இதை ஒருநாளும் சொல்லக் கூடாது என்றார். நான் எழுந்தேன். ஆரஞ்சுப் பழப் பையையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.